கருவிக்குத் தமிழ் தெரிய வேண்டும்

(நாகர்கோவிலில் தமிழன்பர் திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

‘புதிய கைக்கருவிகளும் தமிழும்’ என்பது இன்று எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. நாற்பதாண்டுக் காலம் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்ந்தவன் கருவிகளைப் பற்றி என்ன பேசப் போகின்றான் என்று உங்களுள் சிலர் எண்ணலாம். எண்ணுவது முறையே. நான் பொறியாளன் அல்லேன். ஆயினும், கருவியொன்று என் தமிழறிவைத் தலைகுனிய வைத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. அதனைச் சொல்லவே வந்தேன். அதற்குமுன், என் இடக்கையிற் கட்டியிருக்கும் இதனைப் பாருங்கள்.

இஃது என் பெயரன் வாங்கிக் கொடுத்த கைம்மணிப்பொறி. மணி காட்டுவது இதன் சிறுதொழில். அடிப்புறத்திற் பச்சை ஒளி மின்னுகின்றது. குருதி பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மையது. நெஞ்சம் துடிக்குந்தோறும் மணிக்கட்டிற் குருதி மிகும். மிகும்போது திரும்பிவரும் ஒளி குறையும். அந்த ஏற்றத்தாழ்வை எண்ணி, நெஞ்சம் நிமையத்திற்கு எத்துணை முறை துடிக்கின்றது என்று கணக்கிடுகின்றது. எத்தனை அடி நடந்தேன், எத்தனை மணிநேரம் உறங்கினேன் என்பவற்றையும் கூறுகின்றது. வியத்தகு கருவியே, மறுப்பாரில்லை.

நேற்று மாலை நெடுநேரம் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். கையில் இஃது அதிர்ந்தது. ஏதோ எழுத்துத் தோன்றிற்று. ஆங்கிலம்! மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து வருவதற்குள் எழுத்து மறைந்துவிட்டது. பெயரனைக் கேட்டேன். ‘எழுந்து கொஞ்சம் நடக்கச் சொல்லுது, தாத்தா’ என்றான். கண்ணாடியைத் தேடி நான் நடந்த நடையே அதன் ஆணையை நிறைவேற்றிவிட்டது!

சிரிக்கின்றீர்கள். கூரையின்கீழ் நாற்காலியில் அமர்ந்திருப்பவனுக்கு இது சிரிப்பே. ஆனால், கரையிலிருந்து நூறு கடல்மைலுக்கு அப்பால், இரவில், காற்று எழும் நேரத்தில், ஒரு மீனவன் கையில் அதிரும் கருவி அவனறியா மொழியிற் பேசுமாயின் அது சிரிப்பன்று, சாவு. இன்று நான் சொல்ல வந்தது இவ்வொன்றே. எச்சரிக்கும் கருவி, எச்சரிக்கப்படுபவனின் மொழியிற் பேசாவிடின் அஃது எச்சரிக்கவே இல்லை.

கணியமும் விண்கோளும்

நான் இம்மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றிற் பிறந்தவன். என் தந்தையார் கட்டுமரத்திற் கடலுக்குச் சென்றவர். அவர் கையிற் கருவி ஏதுமில்லை. ஆயினும், கடலடியில் மீன் கூடும் பாறைத்தொடர் எங்கே உள்ளதென்று அவர்க்குத் தெரியும். அதனைப் ‘பார்’ என்பர். கரையிலுள்ள கோபுரமொன்றும் அதன் பின்னுள்ள மலைமுகடு ஒன்றும் ஒரே கோட்டில் அமையும்படி மரத்தைச் செலுத்துவார். மற்றொரு பக்கத்தில் தனிப்பனையொன்றும் வேறொரு மலையும் ஒரே கோட்டில் வருமட்டும் செல்வார். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் நின்று தூண்டிலை இறக்கினால், கீழே பார்! இதற்குக் ‘கணியம்’ என்று பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நாம் கருதிய முதியோர், இவ்வாறு பல கணியங்களை நெஞ்சிலே வரைந்து வைத்திருந்தனர்.

இன்று கைப்பேசியிலுள்ள இடங்காட்டி செய்வதென்ன? அறிந்த இடங்களைக் கொண்டு அறியாத இடத்தைக் கணிக்கின்றது. மலைக்கு மாற்றாக ஒரு விண்கோள். பனைக்கு மாற்றாக இன்னொரு விண்கோள். ஒவ்வொன்றிலிருந்தும் அலை வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து தொலைவைக் கணிக்கின்றது. நான்கு கோள்களின் அலை கிட்டினால் நிற்குமிடம் தெளிவாகும். அமெரிக்கரின் அமைப்பு 1995-இல் முழுமையாகச் செயற்படத் தொடங்கியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2013 முதல் 2016 வரை ஏழு கோள்களை ஏவி, ‘நாவிக்’ என்னும் அமைப்பை நிறுவியது. நெறி ஒன்றே! கணியத்தின் கோடுகள் கரையில் இருந்தன. இதன் கோடுகள் வானில் இருக்கின்றன.

கணியத்திற்கு ஓர் எல்லை உண்டு. மலை மறைந்தாற் கணியமும் மறையும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை முதலிய ஊர்களின் மீனவர் மலை மறைந்த கடலுக்கு அப்பாலும் சென்று சுறா பிடிப்பவர். கிழமைக்கணக்கிற் கரை காணாது தங்குபவர். அவர்கள் இடங்காட்டியைத் தாமே வாங்கினர், தாமே கற்றனர். எனவே, ‘மீனவர்க்குப் புதுக்கருவி விளங்காது’ என்று எவரேனும் கூறின் நம்பாதீர்கள். கருவி அவர்களுக்கு விளங்கிற்று. அவர்கள்தாம் கருவிக்கு விளங்கவில்லை.

ஒக்கி கற்பித்தது

2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள். இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாயிற்று. மறுநாட் காலையிலேயே குமரிக்கடலில் அது புயலாக வலுத்தது. ஒரே நாள்! வங்காளதேசம் அதற்கு ‘ஒக்கி’ என்று பெயரிட்டிருந்தது. வங்க மொழியில் அதற்குக் கண் என்று பொருளாம். அந்தக் கண் நம்மைப் பார்த்த பார்வையை இம்மாவட்டம் மறக்குமா? கரையில் வாழைத் தோட்டங்களும் தொய்வ மரங்களும் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அவை மீண்டும் முளைத்தன; நடப்பட்டன. கடலுக்குச் சென்ற நூற்றுக்கும் மேற்பட்ட குமரி மாவட்ட மீனவர் மீளவே இல்லை.

ஏன் மீளவில்லை? புயல் உருவாவதற்குப் பன்னாட்களுக்கு முன்னரே ஆழ்கடற் படகுகள் கரையை விட்டுச் சென்றிருந்தன. கைப்பேசியின் அலை கரையிலிருந்து சில கல் தொலைவிற்கே எட்டும். படகிலிருந்த வானொலிப் பேசியின் அலையும் ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து கடல்மைலோடு நின்றுவிடும். அதற்கப்பால் இருந்தவனுக்குக் கரையிலிருந்து ஒரு சொல்லும் போய்ச்சேர வழியில்லை. சில படகுகள் காற்றோடு காற்றாய் மராட்டிய, குசராத்துக் கரைகளில் ஒதுங்கின. கடலில் தேடுங்கள் என்று கேட்டு, திசம்பர் 7-ஆம் நாள் குழித்துறை நிலையத்தில் மீனவ மக்கள் தொடர்வண்டியை மறித்து அமர்ந்தனர்.

இங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். இந்தியாவின் விண்வெளி முயற்சி எங்கே தொடங்கியது? நமக்கு அண்டையில், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் ஊரில்! 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ஏவுகணை அங்கிருந்துதான் விண்ணில் எழுந்தது. மீனவ மக்கள் தம் மண்ணையும் கோயிலையும் விட்டுக்கொடுத்த இடம் அது. நாஞ்சில் நாட்டின் எல்லையில் நிற்கும் மகேந்திரகிரி மலையடியில் ஏவுகணைப் பொறிகள் ஆய்வு செய்யப்படுகின்றன. வானத்திற்கு ஏணி வைக்க இடம் கொடுத்தவன் மீனவன். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்து, புயலின் நடுவே அவன் வானத்தை நோக்கியபோது, வானம் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வந்த கருவிகள்

அதன்பின் கருவிகள் வந்தன. நன்றியுடன் சொல்லுதல் வேண்டும். 2019 அத்தோபர் 9-ஆம் நாள் ‘செமினி’ என்னும் சிறுகருவி அறிமுகம் செய்யப்பெற்றது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் நடுவமும் வானூர்தி நிலையங்களின் ஆணையமும் இணைந்து உருவாக்கியது அது. வானூர்திகளுக்கு வழிகாட்டும் ‘ககன்’ என்னும் விண்கோள் அமைப்பின் அலையிலேயே புயற்செய்தியையும் மீன்வளப் பகுதிச் செய்தியையும் ஏற்றி அனுப்புவர். படகிலுள்ள கருவி அதனைப் பெற்று, கம்பியின்றிக் கைப்பேசிக்குத் தரும். கைப்பேசியிலுள்ள செயலி அதனை ஒன்பது வட்டார மொழிகளிற் காட்டும். கைப்பேசியின் அலை எட்டாத ஆழ்கடலுக்கும் செய்தி போகும். ஆனால், செய்தி வரும், போகாது. மீனவன் கேட்கலாம்; பேச முடியாது.

மற்றொன்று, விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இடரறிவிப்புக் கருவி. 2010 முதலே அது புழக்கத்தில் உள்ளது. விசையை அழுத்தினால் ‘இடரில் இருக்கின்றேன், இவ்விடத்தில் இருக்கின்றேன்’ என்னும் குறிப்பு விண்கோள் வழியே கட்டுப்பாட்டு நடுவத்திற்கும், அங்கிருந்து கடலோரக் காவற்படைக்கும் போகும். ஆனால், போய்ச்சேர்ந்ததா இல்லையா என்று அழுத்தியவனுக்குத் தெரியாது. நள்ளிரவில், நீர் ஏறும் படகில், விடை வாராத கருவியைக் கையிற் பிடித்துக்கொண்டிருப்பவனை எண்ணிப் பாருங்கள்! 2024 சனவரியில் அறிவிக்கப்பெற்ற இரண்டாம் தலைமுறைக் கருவி இக்குறையைத் தீர்த்தது. ‘கேட்டோம்’ என்னும் விடை கடலுக்குத் திரும்புகின்றது. கைப்பேசியோடு பிணைத்து, செய்தியைத் தாய்மொழியிற் படிக்கவும் வழி செய்துள்ளனர்.

அதே ஆண்டு ஆகத்து 30-ஆம் நாள், கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஓரிலக்கம் மீன்பிடிப் படகுகளில், உரிமையாளர்க்குச் செலவின்றி, இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டம் 364 கோடி உருபா மதிப்பில் தொடங்கப்பெற்றது. இதன் வழியே சிறு செய்திகளைப் பெறவும் விடுக்கவும் இயலும்.

இவை வெறும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. என் கையிலுள்ள மணிப்பொறி, உண்டு கொழுத்தவனை ‘எழுந்து நட’ என்கின்றது. இவையோ, உழைப்பவனை ‘உயிரோடு வீடு திரும்பு’ என்பவை. ஆகவேதான் இவற்றின் மொழியைப் பற்றிப் பேசுகின்றேன்.

நான் தலைகுனிந்த நாள்

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்து மாலையொன்றில் என் உறவினன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். வள்ளத்திற் கடலுக்குப் போகிறவன். எட்டாம் வகுப்புவரை படித்தவன். கைப்பேசியை என்முன் நீட்டினான். அதிலிருந்த எச்சரிக்கை தமிழில்தான் இருந்தது. பிழையற்ற தமிழ். குமரிக்கடற் பகுதியில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும் என்று கண்டிருந்தது.

அவன் கேட்டான்: ‘மாமா, சூறாவளிண்ணு போட்டிருக்கு. இது புயலா, இல்ல வெறும் பலத்த காத்தா? எந்தப் பக்கத்துக் காத்து? போலாமா, போவண்டாமா?’

அன்பர்களே! நாற்பதாண்டு தமிழ் கற்பித்த நான் விடை கூற இயலாது நின்றேன். சூறை என்பதும் வளி என்பதும் நல்ல தமிழ். அவற்றின் இலக்கண அமைதியை ஒரு மணிநேரம் விளக்கியிருப்பேன். ஆனால், விட்டுவிட்டு வீசும் பலத்த காற்றையும் அதே சொல்லாற் குறிக்கின்றனர். மக்கள் வழக்கிற் புயலையும் அதே சொல்லாற் குறிக்கின்றனர். எது என்று எனக்குத் தெரியவில்லை. காற்று எத்திசையினின்று வரும் என்பது அச்செய்தியில் இல்லை. கடலுக்குப் போகிறவனுக்கு முதலில் வேண்டுவது அதுவே. வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். கச்சான் என்றால் ஒரு முடிவு. வாடை என்றால் வேறொரு முடிவு.

அவன் என் விடைக்குக் காத்திருக்கவில்லை. முற்றத்திற்குச் சென்றான், வானத்தைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். ‘நீவாடு சரியில்ல’ என்று சொல்லிப் போய்விட்டான். நீவாடு என்பது கடலின் நீரோட்டம். அன்றிரவு அவன் வள்ளம் கரையிலேயே கிடந்தது.

அன்று நான் ஒன்றைக் கற்றேன். ஆங்கிலத்தை நீக்கிவிட்டுத் தமிழெழுத்தை நிரப்பிவிட்டால் கருவி தமிழ் பேசியதாகாது. ஆங்கிலத்தில் நினைத்து, தமிழ்ச் சொல்லை அடுக்கிய செய்தி, கரையில் நிற்பவனுக்கு இன்னோர் அயன்மொழியே. அவன் கேட்கும் வினாக்களுக்கு, அவன் வழங்கும் சொல்லால், அவன் முடிவெடுக்கும் வரிசையில் விடை சொல்வதே தமிழ்.

சொல் எங்கே பிறக்கின்றது?

நம் தனித்தமிழ் அன்பர்களிடம் உரிமையோடு ஒன்று கூறுவேன். சினவற்க. புதிய கருவி வந்தவுடன் நாம் அகராதியை விரித்துக்கொண்டு மேசைமுன் அமர்கின்றோம். கருவியையும் கைப்பேசியையும் கம்பியின்றி இணைக்கும் குற்றலைக்கு ‘புளூடூத்து’ என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் தேனிசு நாட்டை ஆண்ட அரால்டு என்னும் மன்னனின் பட்டப்பெயர் அது. அதனை ‘நீலப்பல்’ என்று மொழிபெயர்த்தோர் உளர். இது தமிழா? சொல் தமிழ், பொருள் தேனிசு! வள்ளத்திலிருப்பவனிடம் ‘நீலப்பல்லை இயக்கு’ என்றால் நம்மைப் பார்த்துத் தன் பல்லைக் காட்டுவான்.

மரங்களைக் கட்டிப் பிணைத்தான், கட்டுமரம் என்றான். ஆங்கிலம் உள்ளிட்ட மொழிகள் பலவும் அப்பெயரையே எடுத்துக்கொண்டன. ஏன்? கருவி செய்தவனே பெயரும் வைத்தான். பெயரிலே அதன் தொழில் தெரிந்தது. அதே வினையினின்று, இரு கருவிகளைப் பிணைக்கும் அலையைப் ‘பிணையலை’ என்போம். ‘கருவியைக் கைப்பேசியோடு பிணை’ என்றால் ஒரு குழந்தைக்கும் விளங்கும். இதினும் சிறந்த சொல் ஒருவர்க்குத் தோன்றுமாயின் அதனையே கொள்வோம். சொல் எவருடையது என்பதில் எனக்குப் போட்டியில்லை.

கரையின் சொல் அறிவியலுக்கு ஆகாது என்பாரும் உளர். அவர்க்குக் ‘கள்ளக்கடலை’க் காட்டுவேன். பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயலால் உண்டாகும் நெடுந்திரைகள், நாட்கணக்கிற் பயணம் செய்து நம் கரையை வந்தடைகின்றன. இங்குக் காற்றிராது, மழையிராது, வானம் தெளிந்திருக்கும். திடீரெனக் கடல் பொங்கிக் கரையேறும். கள்ளனைப் போல வருவதாற் கள்ளக்கடல் என்று மேலைக்கரை மீனவர் பெயரிட்டனர். கள்ளமும் நம் சொல். கடலும் நம் சொல். 2012-இல் யுனெசுகோ அப்பெயரை அறிவியல் வழக்கிற்கு ஏற்றுக்கொண்டது. ஆய்வாளர் கட்டுரைகளிலும் கடல்சார் எச்சரிக்கைகளிலும் இன்று அதே பெயர்தான்.

2024 மே 6-ஆம் நாள், கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள்களில், நம் மாவட்டத்து லெமூர்க் கடற்கரையில் பயிற்சி மருத்துவர் ஐவர் அலையிற் சிக்கி மாண்டனர்.  பெயர் உலகெங்கும் சென்றது. அதன் பொருள் அந்த மணற்பரப்பில் நின்ற பிள்ளைகளைச் சென்று சேரவில்லை. கைதோறும் கைப்பேசி இருக்கும் காலம் இது, கருவிகளுக்குக் குறைவில்லை. சொல்லைப் பிறப்பித்தாற் போதாது. சேர வேண்டிய செவியிற் சேர்த்தல் வேண்டும்.

பெயர் சூட்டுவதிலும் ஒரு செய்தி உண்டு. ககன், நப்மித்ரா, செமினி என்று கருவிகளுக்கும் செயலிகளுக்கும் வடமொழியிலும் அயன்மொழியிலும் பெயர்கள் வருகின்றன. தமிழ்நாட்டு மீன்வளத் துறையோ தன் செயலிக்குத் ‘தூண்டில்’ என்று பெயரிட்டது. கேட்டவுடன் கடலோரச் சிறுவனும் தன் பொருள் என்று உணர்வான். தன் பொருள் என்று உணர்ந்ததைத்தான் மாந்தன் பேணுவான், மின்னேற்றி வைப்பான், கடலுக்கு எடுத்துச் செல்வான்.

தமிழிற் செய்ய இயலாது என்னும் பழம்பாட்டைப் பாடுவோர்க்கு ஒன்று நினைவூட்டுவேன். சிறு கைப்பேசிகளில் தமிழெழுத்தே தோன்றாதிருந்த காலத்தில், மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் ‘செல்லினம்’ என்னும் செயலியை உருவாக்கினார். 2005-இல் அது சிங்கப்பூரில் வெளியாயிற்று. தமிழிற் குறுஞ்செய்தி எழுதி அனுப்ப வழி பிறந்தது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் நம் இலக்கணப் பெயர்களை ஒட்டி எத்துணை அழகாகப் பெயரிட்டார் பாருங்கள்! எவரும் தருவார் என்று அவர் காத்திருக்கவில்லை.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, துறைமுகத்தில் வழங்கப்பெறும் ஒவ்வொரு கருவியும் தமிழை எழுத்தாற் காட்டுவதோடு குரலாலும் ஒலித்தல் வேண்டும். தொடுதிரை, விரலின் மின்தன்மையை உணர்ந்து செயற்படுவது. ஈரக்கையும் உப்புநீரும் அதனைக் குழப்பும். ஆடும் படகில், இருளில், சிற்றெழுத்தைப் படிப்பவன் யார்? பொறியின் இரைச்சலையும் மீறி, ‘புயல் வருகிறது; தெற்கே போகாதே; கரைக்குத் திரும்பு’ என்று கருவி உரக்கச் சொல்லல் வேண்டும்.

இரண்டாவது, ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையுள்ள ஏறத்தாழ 72 கிலோமீட்டர்க் கரையெங்கும் சென்று, காற்று, நீவாடு, அலை, வான்குறி, ஆழம், படகுறுப்பு ஆகியவற்றின் சொற்களைத் தொகுத்தல் வேண்டும். அணியம், அமரம், பாகம் என்று முதியோர் வாயில் இன்னும் உயிரோடிருக்கும் சொற்கள் அவர்களோடு மறைந்தால், நாளை எந்த அகராதியிலும் அவை கிட்டா. அவற்றைக் கொச்சை என்று ஒதுக்கும் நம் பழக்கத்தை முதலிற் கடலில் எறிவோம்.

மூன்றாவது, எச்சரிக்கைச் செய்தியின் தமிழ் வடிவத்தை வெளியிடுமுன் மீனவரிடம் படித்துக்காட்டல் வேண்டும். ‘இதைக் கேட்டு நீ என்ன செய்வாய்?’ என்று வினவல் வேண்டும். பத்துப் பேரும் ஒரே விடை சொன்னால் அது நல்ல தமிழ். பத்து விடை வந்தால், இலக்கணம் எத்துணைச் செம்மையாயினும் அது தோற்ற தமிழ்.

நான்காவது, இன்று ஆழ்கடற் படகுகளிற் பிற மாநிலத் தொழிலாளரும் செல்கின்றனர். அவரவர் உயிர்க்கு அவரவர் மொழியில் எச்சரிக்கை கிட்டல் வேண்டும். நமக்குக் கேட்பதை அவர்க்கு மறுப்பது தமிழ்ப்பண்பு அன்று.

ஐந்தாவது நமக்கே உரியது. இங்குள்ளோர் அனைவரும் தத்தம் கைப்பேசியை எடுத்துப் பாருங்கள். அதில் மொழியைத் தமிழாக மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளது. எத்தனைப் பேர் மாற்றியிருக்கின்றோம்? கையுயர்த்த வேண்டா, உங்கள் முகமே கூறுகின்றது. நானும் நேற்றுவரை மாற்றவில்லை. விற்பவன் கணக்குப் பார்ப்பவன். தமிழில் வைத்துக்கொள்வோர் இல்லையெனில் அவன் தமிழைச் செப்பம் செய்யான். நாம் மேடையில் தமிழும் பையில் ஆங்கிலமும் வைத்துக்கொண்டு, கருவி தமிழறியவில்லை என்று எவரைக் குறை கூறுவது?

ஆசான் எங்கிருக்கின்றார்?

தோழர்களே! இந்த மண் தமிழுக்காகக் குருதி சிந்திய மண். பள்ளியிலும் அலுவலகத்திலும் வழக்குமன்றத்திலும் தம் மொழி வேண்டும், தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று கேட்டவர் மீது 1954 ஆகத்து 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது. அவர்கள் ஈந்த உயிரின் பயனாக 1956 நவம்பர் முதல்நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அன்று ஆட்சி அலுவலகத்தில் இருந்தது. ஆகவே அலுவலகத்தில் தமிழ் கேட்டனர். இன்று ஆட்சியின் பெரும்பகுதி நம் உள்ளங்கைக்கும் மணிக்கட்டிற்கும் வந்துவிட்டது. இங்கே தமிழ் கேட்பது அதே போராட்டத்தின் தொடர்ச்சியே.

தொல்காப்பியம் அரங்கேறியபோது அதனை ஆராய்ந்து ஏற்றவர் அதங்கோட்டாசான் என்று பாயிரம் கூறுகின்றது. அவருடைய ஊர் நம் விளவங்கோட்டு வட்டத்து அதங்கோடே என்று அறிஞர் பலர் கருதுவர். எத்துணைப் பெரிய நூலாயினும், ஆசான் முன்னே ஆய்வுக்கு நின்ற பின்னரே உலகிற்கு வந்தது. அந்த முறையை நாம் விட்டுவிடலாமா? கடலுக்குச் செல்லும் கருவிக்கும் ஆசான் ஒருவர் வேண்டும். அவர் பல்கலைக்கழகத்தில் இல்லை. இந்த மேடையிலும் இல்லை. நாளை விடியலிற் கரைக்குச் சென்று பாருங்கள். வலையின் கிழிசலைத் தைத்தபடி, அவ்வப்போது தலைதூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார். கருவியை அவர் கையிற் கொடுங்கள். அவர்க்கு விளங்கினால் அது தேறியது. விளங்காவிடின், திரும்பக் கொண்டுவந்து திருத்துங்கள்.

நான் இன்று இரவு என் மணிப்பொறியைத் தமிழாக்கித் தருமாறு பெயரனைக் கேட்கப் போகின்றேன். ஆகாது என்று பொறி சொன்னால், செய்தவர்க்குத் தமிழிலேயே கடிதம் எழுதுவேன். நீங்களும் எழுதுங்கள்.

வாழ்க தமிழ்! கடல்மேற் செல்வோர் கரைசேர்க!